டிஸ்க் ஆபரேஷன்: இப்போதே கையெழுத்துப் போட வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. டர்பனில் ஒரு மளிகை மொத்தக் கடையில் வேலை. 25 கிலோ அரிசி மூட்டைகளை வேனில் ஏற்றி பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை கொண்டுபோய் இறக்குவார். 9 வாரத்துக்கு முன் கடையில் மூட்டை தூக்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. இரண்டே நாளில் வலி வலது புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை இறங்கிவிட்டது. 3-வது வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எல்5–எஸ்1 டிஸ்க், அதாவது முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள மெத்தை, பெரிதாகப் பிதுங்கி வலது எஸ்1 நரம்பை அழுத்துவதாக எழுதியிருக்கிறது. கால் பலம் கொஞ்சம் குறைவு என்று சொல்லி சர்ஜன் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். பிசியோதெரபி செய்கிற அம்மா இன்னும் பொறுங்கள் என்கிறார். முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று என் அண்ணன் பயமுறுத்துகிறார். வலி முன்பு பத்துக்கு ஒன்பது, இப்போது ஆறு. பாதத்தில் வலி இல்லை, கெண்டைக்காலோடு நிற்கிறது. பாதம் மரத்துத்தான் இருக்கிறது. இரவில் 4 மணி நேரம் தூங்குகிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நாலரை மாதத்தில் வரும் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறார். என்ன செய்வது?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: இந்த வாரமே கையெழுத்துப் போட்டாக வேண்டிய நிலை உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. அதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 9 வாரத்தில் வலி ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கியிருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வலி பாதத்தை விட்டுக் கெண்டைக்காலுக்கு ஏறியிருப்பது. காலின் நுனியிலிருந்து இடுப்பை நோக்கி வலி பின்வாங்கினால் நரம்பு தேறிவருகிறது என்று பொருள். அப்போது இடுப்பு வலி சற்றுக் கூடினாலும் பயப்பட வேண்டாம். இடுப்பு லேசாகி வலி மறுபடி பாதத்துக்கு இறங்கினால்தான் கவலை.

முதலில், காத்திருக்கவே கூடாத நிலையைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் முட்டியும் போகவில்லை, அல்லது போவதே தெரியவில்லை. மலம் கழிக்கும் இடத்தைச் சுற்றியும் தொடை இடுக்கிலும், அதாவது சைக்கிள் சீட்டில் படும் பகுதியில், தொட்டால் உணர்வில்லை. வலி திடீரென்று இரண்டு காலுக்கும் பரவுகிறது. ஆணுறுப்பில் உணர்வு மங்குகிறது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். முதுகெலும்புக் குழாயின் அடியில் உள்ள நரம்புக் கொத்து முழுவதும் நசுங்கும் நிலை அது. ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாளுக்குள் அழுத்தத்தை எடுக்காவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். கைபேசியில் 112, அரசு ஆம்புலன்ஸுக்கு 10177. அவசர நிலைக்கான சிகிச்சைச் செலவை மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) ஏற்றுத்தான் ஆக வேண்டும், சட்டம் அப்படி. ஆண்கள் இந்த அறிகுறிகளை மனைவியிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்களே நேராகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது காலின் பலம். “கொஞ்சம் குறைவு” என்பதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அது நிற்கிறதா, கூடுகிறதா, குறைகிறதா என்று தெரிய வேண்டும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். அடுப்படி மேடையை இரண்டு கையாலும் லேசாகப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். பத்து முறை சரளமாக வரும். பிறகு வலது கால். எஸ்1 நரம்பு கெண்டைக்கால் தசையை இயக்குவது. அந்தத் தசை மிகவும் பலமானது என்பதால் கையால் அழுத்திப் பார்த்தால் குறை தெரியாது. உடல் எடை முழுவதையும் திரும்பத் திரும்பத் தூக்கும்போதுதான் தெரியும். முதல் மூன்று முறை நன்றாக வந்து, ஆறாவது முறை குதிகால் பாதி உயரத்தோடு நின்றால் அதுதான் தளர்ச்சி. எண்ணிக்கையைத் தேதியோடு எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். தினமும் செய்தால் தசை களைத்துத் தவறான கணக்கு வரும். கூடவே, படுத்த நிலையில் கட்டைவிரலை மேல்நோக்கி இழுக்கச் சொல்லி உங்கள் விரலால் எதிர்த்து அழுத்திப் பாருங்கள். அது எல்5 நரம்பின் வேலை, இப்போது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை ஆறு, ஏழு, எட்டு என்று ஏறினால் நிம்மதியாகக் காத்திருக்கலாம். ஆறிலேயே நின்றாலும் சில வாரம் பார்க்கலாம். ஆறிலிருந்து இரண்டுக்கு விழுந்தாலோ, நடக்கும்போது பாதம் தரையில் தட்டினாலோ அன்றைக்கே சர்ஜனைக் கூப்பிடுங்கள். அப்போது வலி குறைந்திருந்தாலும் ஏமாறக் கூடாது. வலி மறைந்து பலமும் போகிறது என்றால் நரம்பு குணமாகவில்லை, செயலிழக்கிறது.

இனி அந்த எம்.ஆர்.ஐ. “பெரிதாகப் பிதுங்கி” என்ற வரியைப் படித்துத்தான் வீட்டில் எல்லோரும் பயந்திருப்பீர்கள். ஆனால் டிஸ்கின் உள்ளிருக்கும் கூழ் உறையைக் கிழித்துக்கொண்டு முழுதாக வெளியே வந்தால், உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து அரித்துக் கரைக்கத் தொடங்குகிறது. உறைக்குள்ளேயே புடைத்து நிற்கும் சின்னப் பிதுக்கத்தைவிட, வெளியே வந்து விழுந்த பெரிய துண்டுதான் பெரும்பாலும் தானாகச் சுருங்கும். இன்னொன்று: முதுகுவலி, கால்வலி எதுவும் இல்லாத 40 வயதுக்காரர்களைப் படம் எடுத்தால் பாதிப் பேருக்கு டிஸ்க் புடைப்பு தெரிகிறது, மூன்றில் ஒருவருக்குப் பிதுக்கமே இருக்கிறது. படத்தில் இருப்பதும் காலில் இருப்பதும் ஒரே பக்கம், ஒரே நரம்பு என்று பொருந்தினால்தான் படத்துக்கு மதிப்பு. உங்கள் கணவருக்குப் பொருந்துகிறது. ஆகவே நோய் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படம் 6 வாரம் பழையது. ஆபரேஷன் என்று முடிவானால், புதுப் படம் தேவையா என்று கேளுங்கள். இதற்குள் துண்டு பாதியாகச் சுருங்கியிருக்கலாம்.

காத்திருந்தால் என்ன, செய்துகொண்டால் என்ன என்பதற்கு உங்கள் கணவரைப் போன்றவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நெதர்லாந்தில், 6 முதல் 12 வாரமாகக் கடுமையான கால்வலியோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறு பாதியினருக்குப் பொறுத்திருக்கும் சிகிச்சை என்று கொடுத்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 4 வாரத்தில் தேறினார்கள், காத்திருந்தவர்களுக்கு 12 வாரம் ஆனது. ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் தாங்க முடியாமல் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பலம் குறையாமல் இருக்கும்வரை ஆபரேஷன் வாங்கித் தருவது நாட்களைத்தான். அந்த நாட்கள் ஒருவருக்கு எவ்வளவு அவசரம் என்பது அவர் தூக்கம், அவர் சம்பளம், அவர் பொறுமையைப் பொறுத்தது. சர்ஜனுடைய நாட்குறிப்பைப் பொறுத்ததல்ல.

அதே சமயம் பல்லைக் கடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் நாள் கடத்துவதும் தவறு. 4 முதல் 12 மாதம்வரை கால்வலியோடு இருந்த 128 பேரைப் பற்றிய கனடா ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் சராசரி வலி ஆறு மாதம் கழித்துப் பத்துக்கு 2.8, மற்றவர்களுக்கு 5.2. அதாவது நாலு மாதத்துக்கு மேலும் வலி விடாதவர்களுக்குத் தானாகக் குறையும் வாய்ப்பு மங்கிவிடுகிறது.

ஆகவே என் யோசனை: சர்ஜன் கொடுத்த தேதியை மூன்று, நான்கு வாரம் தள்ளிக் கேளுங்கள், ரத்து செய்ய வேண்டாம். அதற்கு முன் ஒருமுறை அதே சர்ஜன் கால் பலத்தை மறுபடி சோதிக்கட்டும். 12, 13-வது வாரத்தில் வலி நாலுக்குக் கீழே இறங்கி, தூக்கம் 6 மணி நேரமானால் ஆபரேஷனை மறந்துவிடலாம். அப்போதும் ஆறிலேயே நின்றால், அண்ணன் என்ன சொன்னாலும் செய்துகொள்ளட்டும்.

இந்தச் சில வாரங்களை வீணாக்காமல் இருக்க வேண்டும். முழு நாளும் படுக்க வேண்டாம். தசை தளர்ந்து மீள்வது தள்ளிப்போகும். நடை 10 நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை. உட்காருவதுதான் டிஸ்குக்கு மிகக் கஷ்டம்: 20, 30 நிமிடத்துக்கு மேல் ஒரே இருப்பாக வேண்டாம். மரத்த காலால் பிரேக் மிதிப்பது ஆபத்து என்பதால் வேன் ஓட்டுவதை இப்போதைக்கு நிறுத்தட்டும். அவருக்கு மரத்திருப்பது வலது கால் அல்லவா. இரவில் மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் வலி இல்லாத பக்கம் கீழே வைத்து முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. சுளுக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பைத் திருகிச் சொடுக்குவது எல்லாவற்றுக்கும் இப்போது கும்பிடு போட்டுவிடுங்கள். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் தப்பில்லை, மரத்த பாதத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துவிடும்.

மாத்திரையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிலருக்குக் கேட்கும். ஆனால் உங்கள் கணவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பிரஷர் மாத்திரையின் பெயர் “ப்ரில்” என்றோ “சார்ட்டன்” என்றோ முடிந்து, கூடவே நீர் மாத்திரையும் இருந்தால், அதோடு இந்த வலி மாத்திரையும் சேரும்போது சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். டர்பன் வெயிலில் வேர்த்துக் கொட்டினாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ ஆபத்து இன்னும் கூடும். ஃபார்மசியில் கேட்டு வாங்குமுன் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கோடீன் கலந்த மாத்திரை இரண்டு மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் மலச்சிக்கல் பிடிக்கும்; முக்கும்போது டிஸ்கில் அழுத்தம் ஏறி வலி கூடும், பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. நரம்பு மாத்திரை என்று பிரெகாபலின் எழுதித் தருவது சகஜம். டிஸ்க் கால்வலிக்கு அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலில்லை என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது, தலைசுற்றல்தான் மிச்சம். எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

நரம்பு வேரின் அருகே போடும் ஸ்டீராய்டு ஊசி ஒரு நடுவழி. சில வாரங்களுக்கு வலியைக் குறைத்துத் தூங்க வைக்கும், நிரந்தரத் தீர்வல்ல. ஊசிக்குப் பிறகு சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் காலையும் மாலையும் விரல் குத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். முழு மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரேயில் எலும்பு மட்டத்தைச் சரிபார்த்து, நடு முதுகின் கீழே 2, 3 சென்டிமீட்டர் கீறுவார்கள். தசையை ஒதுக்கி, இரண்டு எலும்பு வளைவுக்கு நடுவே உள்ள மஞ்சள் சவ்வைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி நரம்பை மெல்ல ஓரம் தள்ளி, அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பார்கள். டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை. ஒரு மணி நேரம் முன்பின் ஆகும். அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கலாம். எல்5–எஸ்1 மட்டத்தில் தண்டுவடமே கிடையாது. அது மேலேயே, முதல் இடுப்பு எலும்பை ஒட்டி முடிந்துவிடுகிறது. கீழே தொங்குவது தனித்தனி நரம்புகள். உங்கள் அண்ணனின் “படுத்த படுக்கை” பயத்துக்கு அதுதான் பதில்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசிவது நூற்றுக்குச் சிலருக்கு நடக்கும். அங்கேயே தைத்து ஓரிரு நாள் படுக்க வைப்பார்கள். புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு, ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் கூடும். அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு. உறையில் ஏற்பட்ட ஓட்டை மூடுவதில்லை அல்லவா. வலி ஓய்ந்ததே என்று ஆறாவது வாரம் மூட்டை தூக்கப் போகிறவர்தான் இதில் மாட்டுகிறார். முக்கியமாக, ஆபரேஷன் கால்வலிக்குத்தான். இடுப்பு வலி போகும் என்று எதிர்பார்த்துச் செய்துகொண்டவர்கள் ஏமாந்துபோவார்கள். கால்வலி முதலில் விடும், பலம் வாரங்களில் வரும், மரத்தது கடைசியில், மாதங்கள் கழித்து, சிலருக்குக் கொஞ்சம் தங்கியே விடும்.

முதல்முறைப் பிதுக்கத்துக்கு ஸ்க்ரூ, ராடு போட்டு எலும்பை இணைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். எலும்பு நகர்வது படத்தில் இல்லையென்றால் வேறொரு சர்ஜனிடம் இரண்டாவது கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்வதாக இருந்தால் சர்க்கரையை இப்போதே கவனியுங்கள். எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8-க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைப் பலர் தள்ளிவைப்பார்கள். காத்திருக்கும் வாரங்களை இதற்குப் பயன்படுத்துங்கள். சர்க்கரை மாத்திரையின் பெயர் “ஃப்ளோசின்” என்று முடிந்தால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை போடும் ஊசி இருந்தால் மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், வயிறு காலியாக நேரமாகும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பணம். வலி தொடங்கியது வேலை நேரத்தில் மூட்டை தூக்கும்போது. அப்படியானால் இது வேலையிட விபத்து, செலவை முதலில் ஏற்க வேண்டியது இழப்பீட்டு நிதி, மெடிக்கல் எய்ட் அல்ல. தகவல் கிடைத்த 7 நாட்களுக்குள் முதலாளி விபத்து அறிக்கைப் படிவத்தை அனுப்ப வேண்டும். 9 வாரம் போய்விட்டது. இதுவரை சொல்லவில்லை என்றால் நாளைக்கே எழுத்தில் கொடுங்கள், அன்று பக்கத்தில் இருந்தவர் பெயரையும் சேருங்கள். முன்பே முதுகுவலி இருந்ததாகக் காட்டி மறுக்கப் பார்க்கலாம், ஆகவே முதல் நாள் பார்த்த டாக்டரின் குறிப்பு கையில் இருக்கட்டும். மெடிக்கல் எய்ட் வழியாகப் போனால், ஆபரேஷனுக்கு முன் அனுமதி எண் வாங்குங்கள். சில திட்டங்கள் முதுகு ஆபரேஷனுக்குமுன் பிசியோ பயிற்சித் தொடரை முடித்திருக்கச் சொல்லும், சில திட்டங்கள் கைக்காசும் கேட்கும். சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் திட்டக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வாங்குவது உண்டு. நோய்க் குறியீடு எம்51.1 என்றும் சிகிச்சைக் குறியீடுகளும் போட்டு எழுத்தில் விலை கேளுங்கள். திட்டம் கொடுக்காத மிச்சத்தைக் கட்டும் கேப் கவர் காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் அதையே அனுப்பலாம். அரசு வழியென்றால் கிளினிக், பிறகு வட்டார மருத்துவமனை. நரம்பியல் அறுவைக்கு இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதத்தோடுதான் போக முடியும், நேரே போய் நிற்க முடியாது. குதிகால் எண்ணிக்கை எழுதிய தாளை அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். பலம் குறைந்துவருவது தேதியோடு தெரிந்தால் வரிசையில் முன்னே வர வாய்ப்பு கூடும்.

ஆறு நாள் வேலை வாரமென்றால், மூன்று ஆண்டுச் சுற்றுக்குச் சம்பளத்தோடு 36 நாள் நோய் விடுப்பு உண்டு, ஐந்து நாள் வாரத்துக்கு 30. ஆபரேஷன் செய்தால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 முதல் 4 வாரம், மூட்டை தூக்கும் வேலைக்கு 8 முதல் 12 வாரம் என்று கணக்கு வையுங்கள். விடுப்பு ஏற்கெனவே தீர்ந்திருந்தால் யூ.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) தரும் நோய்க்கால உதவிக்கு விண்ணப்பிக்கலாம். செய்தாலும் செய்யாவிட்டாலும் 25 கிலோ மூட்டைக்குத் தள்ளுவண்டியோ கூட ஒரு ஆளோ இல்லாமல் அவர் பழைய வேலைக்குத் திரும்பக் கூடாது. இதை டாக்டர் சான்றிதழிலேயே எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னால் கடையில் எடுபடாது.

காவடி. ஆபரேஷன் இன்னும் ஒரு மாதத்தில் நடந்தால் தைப்பூசத்துக்குள் மூன்றரை மாதம் ஆகிவிடும், தேறியிருந்தால் இலகுவான காவடி எடுக்கலாம். ஆபரேஷனில்லாமல் தேறினாலும் அதே அளவுகோல்: வலியில்லாமல் ஒரு மணி நேரம் தொடர்ந்து நடக்க முடிய வேண்டும். முதுகில் கொக்கி மாட்டி ரதம் இழுப்பது இந்த வருஷம் கிடையாது. விரதம் இருப்பதானால் சர்க்கரை மாத்திரையின் அளவை டாக்டரிடம் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குப் பெரிய கவலை வேறு. ஜனவரி, பிப்ரவரி வெயிலில் டர்பன் தார் ரோடு கொதிக்கும். பாதத்தின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியாது, அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தின் ஓரத்தையும் சுண்டுவிரலையும் பஞ்சால் பல இடத்தில் தொட்டுக் கேளுங்கள். ஓரிடத்தில் தெரியவில்லை என்றாலும் கெட்டியான காலுறை போட்டு நடக்கட்டும், கோயிலில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள்.